நான் அனுப்பாத பன்னிரண்டு வரிகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் நால்வருக்கும்,

என் பிரியாவிடை அன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து நின்று நன்றி சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டேன். சொல்ல ஒன்றுமில்லாமல் இல்லை. பல பேருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச எனக்கு வராது, அவ்வளவுதான். எழுத்தில் என்றால் கொஞ்சம் வரும்.

கேக் வெட்டிய பிறகு உங்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து ஒரு கேள்வி கேட்டார். ஏதாவது ஒரு மென்பொருள் திட்டம், இனிமேல் பழைய பதிப்புக்கு ஆதரவு இல்லை என்று அறிவித்தல் போட்டால் நாங்கள் எல்லோரும் முணுமுணுக்கிறோம், நீங்கள் மட்டும் ஏன் அக்கா பூசையில் சுவிசேஷம் கேட்கிற மாதிரி அமைதியாக வாசிக்கிறீர்கள் என்று. அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதில் சொல்லாமல் வந்தது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் மஹய்யாவயில் பிறந்து அங்கேயே இருப்பவள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. இந்த நிறுவனம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இரண்டு அறையாக இருந்த காலத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். புரோகிராம் எழுத எனக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. முகம் தெரியாதவர்கள் எழுதி, யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் விட்டுவைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன். அதனால் ஒரு பயம் எனக்குக் கடைசிவரை போகவில்லை. நான் எழுதிய வரிகளைப் படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்ற பயம். நான் செய்ததிலேயே பெரிய பிழை அந்தப் பயத்தில் இருந்துதான் வந்தது.

அக்குறணை உங்களுக்குத் தெரியும். மாத்தளை வீதியின் இரண்டு பக்கமும் கடைகள். ஒரு பக்கத்துக் கடைகளுக்குப் பின்னால் பிங்கா ஓயா என்ற சிற்றாறு ஓடுகிறது. மேலே மலைப்பக்கம் பெருமழை பெய்தால் கடைத்தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். பல தடவை நனைந்த பிறகு கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து எங்கள் நிறுவனத்தை நடத்தும் சேரிடம் வந்தார்கள். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் முதலில் 'ஓம்' சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசிப்பார். அப்படித்தான் இதையும் ஒத்துக்கொண்டு என் மேசையில் வைத்தார்.

வேலை சிறியது. கடைத்தெருவுக்கு மேலே ஒரு பாலத்தின் அடியில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவி. பக்கத்தில் உள்ளங்கை அளவுக் கணினி. அதில் ஒரு புரோகிராம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டத்தை அங்குலத்தில் எடுக்கும், பன்னிரண்டால் வகுத்து அடியாக்கும். நான்கு அடி வந்தால் எல்லோருடைய போனுக்கும் 'அடி 4' என்று செய்தி போகும். கீழ்த்தட்டுச் சாமான்களை மேலே ஏற்றுவார்கள். ஆறு அடி வந்தால் 'அடி 6'. கதவை இழுத்துவிட்டு எல்லோரும் கிளம்புவார்கள். தினமும் காலையில், வேலை தொடங்குமுன், அன்றைய மட்டத்தைச் சொல்லி ஒரு செய்தி போகும், கருவி உயிரோடு இருக்கிறது என்று தெரிவதற்காக.

கருவியிடம் பேசுவதும் போன் செய்தி அனுப்புவதும் கஷ்டமான வேலைகள். அவற்றுக்கு ஒரு இலவச மென்பொருள் திட்டத்தை எடுத்துப் பயன்படுத்தினேன். வகுப்பதும், நாலா ஆறா என்று பார்ப்பதும் மட்டும் என்னுடையது. பன்னிரண்டு வரி.

சாமானுக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று நினைத்திருந்தேன். கருவியைப் பொருத்திப் பூட்டப்போன நாளில்தான் அந்தத் தையல் அறையைப் பார்த்தேன். வீதி மட்டத்தில் இருந்து பார்த்தால் அது ஒரு புடவைக்கடை. அதற்குக் கீழே, ஓயாப் பக்கமாக, இன்னொரு தட்டு இருந்தது. அதில் ஒன்பது பெண்கள் பாடசாலைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வர ஒரே படிதான். அது ஓயாப் பக்கம் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. தண்ணீர் வந்தால் முதலில் மறைவது அந்தப் படி.

அந்த ஒன்பது பேரில் பொறுப்பாக இருந்தவர் றிஸ்மியா. என் வயதுதான் இருக்கும். மெசின் சத்தத்தில் போன் அடித்தாலும் கேட்காது, வேலை நேரத்தில் எடுப்பதும் இல்லை. ஆனால் எங்கள் செய்தி வரும் இலக்கத்துக்கு மட்டும் அவர் ஒரு தனிச் சத்தம் வைத்திருந்தார், அம்பியூலன்ஸ் சத்தம். "வேல நேரத்தில இது கத்தினா நான் கத்திரிக்கோலையும் போட்டுட்டு ஓடுவன் மிஸ். மத்தப்படி மாப்பிள்ள அடிச்சாலும் எடுக்கிறல்ல" என்றார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் பன்னிரண்டு வரியையும் மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

சில வருடம் அது பிழையில்லாமல் ஓடியது. இரண்டு தடவை ஆறு அடி வந்தது, இரண்டு தடவையும் செய்தி போனது, எல்லோரும் மேலே வந்தார்கள்.

பிறகு தொலைபேசிக் கம்பனி பழைய அலைவரிசையை மூடப்போவதாக அறிவித்தது. எங்கள் கருவியில் இருந்து செய்தி அனுப்பும் மோடம் அதில்தான் பேசும். புதிய மோடம் வாங்கினோம். அது அந்த மென்பொருள் திட்டத்தின் புதிய வெளியீட்டோடு மட்டும்தான் வேலை செய்தது. அந்த வெளியீட்டின் முதல் பக்கத்தில் ஒரு அறிவித்தல் இருந்தது. புரோகிராம் எழுதும் பைத்தன் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவை இத்துடன் நிறுத்துகிறோம், இனி மூன்றாம் பதிப்பு மட்டும்.

நான் எழுதியது இரண்டாம் பதிப்பில்.

அந்த மொழியை உருவாக்கியவர்களே இரண்டாம் பதிப்பைக் கைவிட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இந்தத் திட்டக்காரர்கள்தான் என்னைப் போன்றவர்களுக்காக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அது அப்போது எனக்கு விளங்கவில்லை. கோபம் வந்தது. மழைக்காலத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அறிவித்தலுக்குக் கீழே உலகத்தில் பல மூலைகளில் இருந்தும் ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர் இதைத் துரோகம் என்றார். இன்னொருவர், உங்களை நம்பியது எங்கள் மடத்தனம் என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆள் பதில் எழுதியிருந்தார். பெயர் இல்லை, இரண்டு எழுத்து மட்டும். ஆணா பெண்ணா, எந்த நாடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திட்டியவருக்கும், உங்களுடைய சிக்கல் என்ன, எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டிருந்தார். அப்படி வரிசையாக இருநூறுக்கு மேல். நான் முழுவதையும் வாசித்தேன். ஒரு இடத்திலாவது குரல் உயரும் என்று பார்த்தேன். உயரவில்லை.

வாசித்து முடித்ததும் என் கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததைப் பிரமிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். சம்பளம் இல்லாமல், பார்க்காத ஊரில் பார்க்காத ஆட்களின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அக்குறணைத் தண்ணீரை அளக்கும் கருவி அவருடைய வேலையின் மேல்தான் நிற்கிறது. அது அவருக்கே தெரியாது.

அவருக்கு எழுதினேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் எழுதிய முதல் கடிதம் அது. பாடசாலை ஆங்கிலத்தில் மூன்று நாள் எழுதி எழுதி அழித்தேன். மழை முடியும்வரை மட்டும் பழைய பதிப்பை வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது. இல்லை, மன்னிக்க வேண்டும் என்று தொடங்கியது. நாங்கள் நான்கு பேர். எங்கள் வேலை முடித்து வந்துதான் இதைச் செய்கிறோம். பழைய பதிப்பை யாரும் இப்போது காவல் காக்கவில்லை. நான் உங்களுக்கு ஆம் என்று சொன்னால், காவல் இருக்கிறது என்று நம்பி நீங்கள் நித்திரை கொள்வீர்கள். அந்தப் பொய்யை என்னால் சொல்ல முடியாது. ஆனால் புதியதற்கு வர உங்களோடு கூட நடக்கிறேன். உங்கள் ஊரில் அந்தச் செய்தியை யார் வாசிக்கிறார்கள், அது வராவிட்டால் அவர்களுக்கு என்ன ஆகும், எழுதுங்கள். புரோகிராமையும் அனுப்புங்கள்.

தையல் அறையைப் பற்றி எழுதினேன். அந்த ஒற்றைப் படியைப் பற்றி எழுதினேன். புரோகிராமை அனுப்பும் இடத்தில் கை நின்றது.

கருவியிடம் பேசும் பகுதியும் செய்தி அனுப்பும் பகுதியும் அவர்களுடைய மாதிரியைப் பார்த்து எழுதியவை, பார்க்கலாம் போல இருக்கும். நடுவில் இருந்த என்னுடைய பன்னிரண்டு வரி, நான்காம் வகுப்புப் பிள்ளையின் கணக்குப் போல இருந்தது. இருநூறு பேருக்குப் பொறுமையாகப் பதில் எழுதிய மனிதர் இதைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. அந்த வரிகளை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பினேன். அவை வெறும் கணக்குத்தானே, பதிப்பு மாறினாலும் கணக்கு மாறுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு எழுத்துக்காரர் நான் அனுப்பியதை வரிவரியாகப் பார்த்து ஏழு இடத்தில் திருத்தம் சொன்னார். கடைசியில், இடையில் ஏதோ விடுபட்டது போல இருக்கிறதே என்று கேட்டிருந்தார். அது சின்னக் கணக்கு, பிரச்சினையில்லை என்று எழுதினேன்.

மாற்றினேன். ஓடியது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. சோதனைக்காக நாற்பத்தெட்டு அங்குலம் என்று கையால் கொடுத்தேன், 'அடி 4' என்பதற்கான செய்தி போனது. எழுபத்திரண்டு கொடுத்தேன், ஆறுக்கான செய்தியும் போனது. சேர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பிறகென்ன, கொண்டுபோய்ப் பூட்டுங்கோ" என்றார். பூட்டினோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் றிஸ்மியா அழைத்தார். காலைச் செய்தியைப் பற்றி.

"மிஸ், முந்தி அடி மூணு எண்டு நறுக்கா வரும். இப்ப மூணு, புள்ளி, நாலு, ஒண்ணு, அதுக்குப் பொறகு ஆறு ஆறு ஆறு எண்டு ரயில் மாதிரி போகுது. ஒங்கட மெசினுக்குப் புத்தி கூடிப்போச்சா?"

அது சும்மா தோற்றம், பின்னால் வருவதை வெட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். அதற்குப் பெரிய அவசரம் என்று நினைக்கவில்லை. என்னிடம் வந்து சேர்ந்த எச்சரிக்கை அது ஒன்றுதான். அதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கினேன்.

அடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மலைப்பக்கம் கறுத்தது. கட்டுகஸ்தோட்டையில் தூறல் மட்டும்தான். மழை என்றால் கருவியின் அளவுகளைத் திரையில் திறந்து வைப்பது என் பழக்கம். ஓயா வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. நான்கு அடிச் செய்தி எனக்கும் வந்திருக்க வேண்டும். போன் கைப்பையில் கிடந்தது, கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த அளவு ஐந்தே முக்கால். எழுந்து போய் யன்னல்களைச் சாத்தி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். உட்கார்ந்தபோது திரையில் 6.25 என்று இருந்தது.

செய்தி அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். காலைச் செய்திக்குப் பிறகு ஒன்றும் போயிருக்கவில்லை.

சில நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு றிஸ்மியா சொன்ன ரயில் கண்ணுக்கு முன்னால் வந்தது. பழைய பதிப்பில் எழுபத்தைந்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆறு என்றுதான் வரும், மிச்சத்தை அது தானாகவே வெட்டி எறிந்துவிடும். புதிய பதிப்பு ஆறேகால் என்று உண்மையைச் சொல்லும். என் வரி கேட்டதோ, அடி ஆறுக்குச் சமமா என்று. ஆறேகால் ஆறுக்குச் சமமில்லை. சோதனைக்கு நான் கொடுத்த எழுபத்திரண்டு மிச்சமில்லாமல் வகுபடும் எண். ஓயா அப்படி மிச்சமில்லாமல் ஏறுவதில்லை.

சேர் பின்னால் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். "கெதியா அந்த வரியை மாத்துங்கோ, ரெண்டு நிமிசம்தானே" என்றார்.

என் விரல்களும் அந்த வரியை நோக்கித்தான் போயின. எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருடைய விரல்களும் அப்படித்தான் போகும். உடைந்ததைத் திருத்தத்தான் பழகியிருக்கிறோம். ஆனால் திருத்தி, கருவிக்கு அனுப்பி, அது மறுபடி தொடங்கி, அடுத்த அளவு எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் என்பது எங்கள் நாக்கில் இருக்கும் இரண்டு நிமிடம். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"திருத்துறது பொறகு சேர்" என்றேன். அவர் பேச்சை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை.

மேசைத் தொலைபேசியில் றிஸ்மியாவுக்கு அழைத்தேன். அடித்து ஓய்ந்தது. எடுக்கமாட்டார், அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்கள் எழும்புவது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். அந்தச் சத்தம் எங்கள் இலக்கத்தில் இருந்து செய்தி போனால்தான் வரும். செய்தி அனுப்பும் பகுதியை மட்டும் தனியாகத் திறந்தேன். அது இரண்டு எழுத்துக்காரர் பார்த்துத் திருத்தித் தந்த பகுதி. எல்லோருக்கும் என்று போட்டுவிட்டு, என்ன எழுதுவது என்று ஒரு நொடி யோசித்தேன். விளக்கம் எழுதத் தோன்றியது. 6.25 என்று எழுதத் தோன்றியது. இரண்டையும் விட்டுவிட்டு, அவர்கள் பழகியிருந்தபடி 'அடி 6' என்று மட்டும் கையால் எழுதி அனுப்பினேன்.

என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. போய்விட்டது என்று அர்த்தம்.

கொஞ்ச நேரத்தில் றிஸ்மியாவிடம் இருந்து அழைப்பு வந்தது. பின்னால் மழைச் சத்தமும், யாரோ யாரையோ கூப்பிடுவதும் கேட்டது.

"மிஸ், ஏறிட்டோம். எட்டுப் பேர் ஈக்கோம். சஹீதா நூல் பெட்டி எடுக்கப் பின்னுக்குப் போனவ, அவளக் காணல்ல. படி நனையத் தொடங்கிட்டு. வைங்க, நான் எறங்குறன்."

இறங்க வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

அந்த நேரத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. சேர் ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். திரையில் அடுத்த அளவு வந்தது, ஏழுக்குக் கிட்ட. பிறகு போன் அடித்தது. "ஒம்பது" என்றார் றிஸ்மியா. வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அதன் பிறகுதான் வரியைத் திருத்தினேன். வகுத்து வருவதில் மிச்சத்தை வெட்டும்படி, பழைய பதிப்பு செய்துகொண்டிருந்ததையே புதியதும் செய்யும்படி. மூன்று தடவை பிழையாக அடித்தேன்.

கால் மணி நேரத்துக்குள் அந்தப் படி தண்ணீருக்குள் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிழைச் செய்தி காட்டி நின்றுபோகும் புரோகிராமைத் திட்டாதீர்கள். அது கையைப் பிடித்து நிறுத்துகிறது. என் புரோகிராம் எங்கும் நிற்கவில்லை, ஒரு வார்த்தை முறையிடவில்லை, ஒழுங்காக அளந்து ஒழுங்காக வகுத்து ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. நெருக்கடி வந்தால், உடைந்த மெசின் செய்ய வேண்டியிருந்த வேலையை முதலில் கையால் செய்துவிடுங்கள். ஏன் உடைந்தது என்பது காத்திருக்கும். படியில் நிற்கும் ஆளால் காத்திருக்க முடியாது.

அன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு எழுத்துக்காரருக்கு எழுதினேன். இந்தத் தடவை மூன்று நாள் எடுக்கவில்லை. நீங்கள் கேட்டபோது பன்னிரண்டு வரியை மறைத்தேன், வெட்கத்தால் மறைத்தேன், பிழை அதற்குள்தான் இருந்தது என்று எழுதி, அந்த வரிகளையும் கீழே போட்டேன். ஒன்பது பேரும் சுகம் என்றும் எழுதினேன்.

அவருடைய பதில் நான்கு வரிதான். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன். உங்கள் வரிகளில் சிரிக்க ஒன்றும் இல்லை. விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தும் நான் இரண்டாவது தடவை கேட்காமல் விட்டேன், அது என் பிழை. என்னிடம் உதவி கேட்ட மற்றவர்களும் இப்படி எதையாவது அனுப்பாமல் வைத்திருப்பார்கள், போய்க் கேட்கிறேன்.

கேட்டார். அந்த இருநூறு பேரிடமும் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்க் கேட்டார், தன்னைத் துரோகி என்றவரிடமும். நீங்கள் சின்னக் கணக்கு என்று நினைத்து எனக்கு அனுப்பாத வரிகள் இருந்தால் அவற்றை மட்டும் அனுப்புங்கள் என்று. நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியின் வெப்பத்தைப் பார்க்கும் ஒருவர் என்னுடைய அதே பிழையைத் தன்னிடம் கண்டார். கோழிக் குஞ்சுப் பண்ணை வைத்திருந்த ஒருவரும் கண்டார். திட்டியவர் ஒரு நாள் வந்து, எனக்கும் இரண்டு இடத்தில் இருந்தது, நன்றி என்று எழுதிவிட்டுப் போனார். நான் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பதிப்பை மூடுவது என்பது கதவைச் சாத்திவிட்டுப் போவது என்று நினைத்திருந்தேன். கடைசி ஆள் வெளியே வந்துவிட்டாரா என்று அறை அறையாகப் போய்ப் பார்க்கும் மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை.

றிஸ்மியாவிடம் சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் அக்குறணைக்குப் போனேன். மெசின்களை மேலே கொண்டுவந்து வெயிலில் வைத்துச் சேறு கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் சுற்றி நின்றார்கள். சஹீதா என் கையைப் பிடித்துக்கொண்டார், இருபது வயது இருக்கும். நல்ல நேரத்துக்கு மெசேஜ் வந்தது மிஸ் என்றார் ஒருவர். கருவி தன் வேலையைச் செய்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

சொன்னேன். மெசின் அனுப்பவில்லை, நான் கையால் அனுப்பினேன், மெசின் அனுப்பாததற்குக் காரணம் நான்தான் என்று.

றிஸ்மியா கழுவிக்கொண்டிருந்த துணியைப் பிழிந்து வைத்தார்.

"அப்ப நீங்க அந்த நேரம் பாக்காட்டி?" என்று கேட்டார்.

"வந்திருக்காதுங்க."

அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த வரியெல்லாம் எனக்குக் காட்டுங்க. எங்கட உசிரு எதில ஈக்கி எண்டு நான் பாக்கணும்" என்றார்.

அடுத்த நாள் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். புடவைக்கடையின் வெட்டு மேசையில் வைத்துத் திறந்தோம். றிஸ்மியா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இது அங்குலம். இது பன்னிரண்டால் வகுக்கிறது. இதுதான் நான் இப்போது திருத்தியது, மிச்சத்தை வெட்டுகிறது. இது, அடி ஆறுக்குச் சமமா என்று பார்க்கிறது, சமம் என்றால் செய்தி. அவர் தையல்காரர் அளவு பார்ப்பது போல விரலை வைத்து வைத்து வந்தார். வெட்கப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அந்த வரியில் விரல் நின்றது.

"சமமா இருந்தா மட்டுமா?"

"ஓமுங்க."

"அப்ப ஏழு வந்தா?"

ஆறு வந்த பிறகுதானே ஏழு வரும் என்று சொன்னேன்.

"பத்து நிமிசத்துக்கு ஒருக்காத்தானே பாக்குது. அஞ்சு எண்டு பாத்துட்டு, மத்த முற பாக்கக்குள்ள ஏழு எண்டு நிண்டா?"

அவர் மேசையில் கிடந்த அளவு நாடாவை எடுத்து நீட்டினார்.

"நாங்க இடுப்பு முப்பத்தாறு எண்டா, துணி முப்பத்தாறா ஈக்கா எண்டு பாக்கிறல்ல மிஸ். முப்பத்தாறுக்குக் குறையாம ஈக்கா எண்டுதான் பாப்போம்."

பழைய பதிப்பிலும் அந்த வரி அப்படித்தான் இருந்தது. பிழையில்லாமல் ஓடியது என்று நான் சொன்ன அத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தது. ஒரு தடவை ஓயா பத்து நிமிடத்தில் இரண்டு அடி தாவியிருந்தால், எந்தப் பதிப்பாக இருந்தாலும், சத்தம் வந்திருக்காது. யாரும் பழையதை மூடாமல் இருந்திருந்தால் நான் அந்த வரியைத் திறந்தே பார்த்திருக்கமாட்டேன். அவருக்கு அதைச் சொன்னேன், மறைக்காமல்.

"அப்ப இவ்வளவு காலமும் எங்களக் காப்பாத்தினது?" என்று சஹீதா பின்னால் இருந்து கேட்டார்.

"ஓயா மெதுவா ஏறினதுதான்" என்றேன்.

கடைக்குள் ஒரு நிமிடம் எல்லோரும் பின் யன்னலைப் பார்த்தார்கள். கீழே ஓயா, சேறு அடங்கி, இடுப்பளவு தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. றிஸ்மியா கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, 'ஆறுக்குச் சமம்' என்பதை அழித்து, 'ஆறுக்குக் குறையாமல்' என்று எழுதினேன். நாலுக்கும் அப்படியே.

"சரி" என்றார். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "இது என்ன சொல்லுது?"